பத்து ரவுண்டும் பன்னிரண்டு கிலோமீட்டரும்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் கால்பந்தைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு தீர்ப்பு உடனே வந்து விழும். "அவன் தொண்ணூறு நிமிஷமும் நிக்காம ஓடுறான்யா. பன்னெண்டு கிலோமீட்டர்! நம்ம பயலுகளுக்கு அந்தத் தெம்பு ஏது?" டீக்கடையோடு இது நின்றால் விட்டுவிடலாம். மைதானத்தில் நிற்கும் உடற்கல்வி ஆசிரியர்களில் பலரும் இதையே நம்புகிறார்கள். குறுவட்டப் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கையில், பந்தை அறையில் பூட்டிவிட்டுப் பிள்ளைகளைப் பத்து ரவுண்டு சுற்றவிடுவது இந்த நம்பிக்கையால்தான். பள்ளியில் நானும் அப்படிச் சுற்றினேன். பந்து காலில் படாத மாலைகளே அதிகம்.

முதலில் அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டர். உயர்மட்ட ஆட்டக்காரர்கள் ஒரு ஆட்டத்தில் 10 முதல் 13 கிலோமீட்டர் வரை கடக்கிறார்கள் என்பது உண்மை. நடுக்களத்தில் ஆடுபவர் அதிகம் கடக்கிறார், நடுத் தடுப்பாளர் குறைவாக. கோல்கீப்பருக்கு ஐந்து கிலோமீட்டர் அளவில் முடிந்துவிடும். ஆனால் 'நிற்காமல் ஓடுகிறான்' என்பது தவறு. அந்தத் தூரத்தின் பெரும்பகுதி நடையும் மெதுவோட்டமும்தான். பந்து உண்மையில் ஆட்டத்தில் இருப்பதே 55 முதல் 60 நிமிடம். முழு வேகப் பாய்ச்சல், மொத்தமும் கூட்டினால் சில நூறு மீட்டர். ஒவ்வொன்றும் இரண்டு முதல் நான்கு நொடி. நான்கு முதல் ஆறு நொடிக்கு ஒருமுறை இயக்கம் மாறுகிறது: நடை, திரும்பல், பின்னோக்கி நகர்தல், பாய்ச்சல், சட்டென்று நிற்றல். இப்படி ஒரு ஆட்டத்தில் ஆயிரம் முறைக்கு மேல். கிளித்தட்டு ஆடியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். கோட்டில் நிற்பவனின் கண்ணைப் பார்த்துக்கொண்டே நிற்போம், அவன் அசரும் நொடியில் பாய்வோம், அடுத்த கோட்டில் மூச்சு வாங்குவோம். கால்பந்தின் ஓட்டம் அந்த இனம். மாரத்தான் இனம் அல்ல.

அதிகம் ஓடுகிறவன்தான் நல்ல ஆட்டக்காரன் என்பது அடுத்த வாதம். மோர், குருஸ்ட்ரூப், பாங்ஸ்போ ஆகிய மூவர் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதை நேராக எடுத்துப் பார்த்தது. உலகின் முன்னணி ஆட்டக்காரர்கள் ஒருபுறம், அவர்களுக்கு ஒரு படி கீழே உள்ள தொழில்முறை ஆட்டக்காரர்கள் மறுபுறம். மொத்தத் தூரம் 10.86 கிலோமீட்டருக்கு 10.33. வித்தியாசம் வெறும் ஐந்து சதவீதம். வேக ஓட்டத்திலோ முன்னணி ஆட்டக்காரர்கள் 28 சதவீதம் அதிகம், முழுப் பாய்ச்சலில் 58 சதவீதம் அதிகம். இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் 2006-07க்கும் 2012-13க்கும் இடையே மொத்தத் தூரம் ஏறக்குறைய இரண்டு சதவீதமே கூடியது. பாய்ச்சல்களின் எண்ணிக்கை 85 சதவீதம் ஏறியது. ஆட்டம் நீளவில்லை, கூர்மையாகியிருக்கிறது.

வேக ஓட்டமும்கூடத் தரத்தின் அளவுகோல் இல்லை என்பதற்கும் சான்று உண்டு. இங்கிலாந்தின் முதல் மூன்று பிரிவுகளை ஒப்பிட்ட 2013ஆம் ஆண்டு ஆய்வில், பிரீமியர் லீக் ஆட்டக்காரர்களைவிடக் கீழ்ப் பிரிவினரே வேக ஓட்டம் அதிகம் ஓடியிருந்தார்கள். பந்தைத் தக்கவைக்கத் தெரியாத அணி பந்தைத் துரத்தித்தானே ஆக வேண்டும்? 2022 உலகக் கோப்பையை வென்ற மெஸ்ஸி ஆட்டத்தின் பெரும்பகுதி நடந்தார். அந்த நடையை நான் சோம்பலாகப் பார்க்கவில்லை. எங்கே இடம் திறக்கிறது என்று பார்த்துக்கொண்டே நடப்பதும் ஆட்டம்தான்.

சரி, எதில் கோல் விழுகிறது? ஜெர்மனியின் பண்டெஸ்லிகாவில் 360 கோல்களை ஆராய்ந்தபோது, 45 சதவீதக் கோல்களுக்கு முன்னால் கோல் அடித்தவர் நேர்க்கோட்டில் ஒரு பாய்ச்சல் பாய்ந்திருந்தார். பத்து ரவுண்டில் இந்தப் பாய்ச்சல் எங்கே இருக்கிறது? ஒரே வேகத்தில் சுற்றிப் பழகிய கால், ஆட்டத்தன்று திடீரென்று பாயும்போது பின்தொடை இழுத்துக்கொள்கிறது. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசல் தரையில், நிற்கவும் திரும்பவும் பழகாத கணுக்கால் பிசகுகிறது.

மூச்சுப் பிடிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆட்டம் முழுக்க இதயம் தன் உச்சத் துடிப்பில் 85 சதவீத அளவில் வேலை செய்கிறது. ஒரு பாய்ச்சலுக்கும் அடுத்ததற்கும் நடுவே உடலை மீட்டுத் தருவது அந்த மூச்சுதான். ஆனால் அதைப் பந்தோடு, நிறுத்தி நிறுத்தி வளர்க்கலாம். பாங்ஸ்போ வகுத்த யோ-யோ சோதனையைப் பாருங்கள்: இருபது மீட்டர் போய் வா, பத்து நொடி மீள், மறுபடி போய் வா. சோதனையே ஆட்டத்தின் சாயலில் இருக்கிறது.

"வெயில்ல பொறந்து வளர்ந்த பயலுக்கு வெயில் என்ன செய்யும்?" என்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான பேச்சு. வெயிலுக்கு உடல் பழகும், உண்மைதான். எப்படிப் பழகுகிறது? சீக்கிரமாகவும் அதிகமாகவும் வியர்த்துத்தான். அப்படியானால் பழகிய உடம்புக்குத் தண்ணீர் கூடுதலாக வேண்டும், குறைவாக அல்ல. 2014 உலகக் கோப்பையில் நெதர்லாந்தும் மெக்சிகோவும் ஃபோர்ட்டலேசாவில் மோதியபோது, வெக்கை தாங்காமல் நடுவர் ஆட்டத்தை நிறுத்தித் தண்ணீர் குடிக்கவிட்டார். அந்தப் போட்டித் தொடரை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றும் கண்டார்கள்: கடும் வெக்கையில் ஆட்டக்காரர்கள் கடந்த மொத்தத் தூரம் குறையவில்லை, பாய்ச்சல்கள் குறைந்தன, சரியாகச் சென்று சேர்ந்த பாஸ்கள் கூடின. உலகின் தேர்ந்த கால்களே வெயிலுக்கு ஏற்ப ஓட்டத்தைச் சிக்கனம் செய்கின்றன. சீமைக்கருவேலத்தைத் தவிர நிழல் இல்லாத பொட்டலில் மூன்று மணி வெயிலில் சிறுவனைச் சுற்றவிடுவதைப் பயிற்சி என்று என்னால் ஏற்க முடியாது.

'நம்ம உடம்புக்கு வராது' என்பது கடைசி வாதம். இதற்குப் பதில் பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது. சிவகங்கை மாவட்டம் கண்டனூரில் பிறந்த சிவசக்தி நாராயணன், 2022 டுராண்ட் கோப்பை இறுதியாட்டத்தில் பெங்களூரு அணிக்காகத் தடுப்பாளர்களின் முதுகுக்குப் பின்னால் பாய்ந்து, முன்னேறி வந்த கோல்கீப்பரின் தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப் போட்டார். சில நொடி ஓட்டம், ஒரு கோல். அந்த சீசனில் ஐ.எஸ்.எல். வளரும் ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். மதுரையின் சேது எஃப்.சி. பெண்கள் 2019இல் இந்திய மகளிர் லீகை வென்றார்கள். தமிழ்நாட்டு மகளிர் அணி 2018லும் 2023லும் தேசிய சாம்பியன். இவர்கள் வேறு மண்ணில் விளைந்தவர்கள் அல்லர்.

உடற்கல்வி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு குறுவட்டப் போட்டிக்கு முன் ரவுண்டுகளை விட்டுவிடுங்கள். நாலுக்கு நாலு பிரித்துச் சின்னக் களத்தில் நாலு நிமிடம் ஆடவிடுங்கள், இரண்டு நிமிடம் நிறுத்துங்கள், மறுபடி ஆடவிடுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு தொடங்குங்கள். எல்லைக்கோட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பானைத் தண்ணீரும் உப்புப் போட்ட மோரும் இருக்கட்டும். பந்து அறையில் பூட்டிக் கிடக்க வேண்டாம்.