'சி' வரைக்கும் போன பென்சில்

பழைய புத்தகக் கடைகளில் ஆங்கிலச் சொல் பெருக்கும் புத்தகங்களுக்குப் பஞ்சமே இல்லை. எந்தப் பிரதியைப் புரட்டினாலும் ஒரே கதைதான். முதல் இருபது பக்கம் பென்சில் கோடு, ஓரத்தில் பொடி எழுத்தில் தமிழ் அர்த்தம், எண்ணெய்க் கை பட்ட கறை. 'சி' எழுத்தைத் தாண்டியதும் அச்சகத்திலிருந்து வந்த மேனிக்கு அப்படியே இருக்கும்.

படித்தவர் சோம்பேறி என்று சொல்லிவிடலாம். எனக்கு அகரவரிசை மேல்தான் சந்தேகம். அது தேடுவதற்கு வந்த ஏற்பாடு, உருப்போட வந்ததல்ல. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் ஒப்பித்த சூடாமணி நிகண்டு தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று தொகுதி பிரித்து விருத்தத்தில் பாடியது. ஒரு பெயர் வாயில் வந்தால் ஓசையே அடுத்ததை இழுத்து வந்துவிடும். 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியை அகரவரிசையில் தொகுத்தபோது தேடுகிறவருக்கு வசதி வந்தது. ஒப்பிக்கிறவருக்கு அதில் பிடிமானம் இல்லை. ஆங்கிலப் பட்டியலிலோ அடாப்ட், அடெப்ட், அடாப்ட் என்று ஒரே ஜாடையில் மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். (முதலாமவரும் மூன்றாமவரும் தமிழில் எழுதினால் ஒருவரேதான்!)

வரிசை போகட்டும், படிக்கிற விதத்திலும் கோளாறு. கோடு போட்டதைத் திரும்பத் திரும்ப வாசித்தால் பழகிய முகமாகத் தெரியும். பேசும்போது வாய்க்கு வராது. ஜெர்மானியர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளை உருப்போட்டுத் தன் மறதியைத் தானே அளந்து 1885இல் வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்தில்தான் பாய்ச்சலாகப் பாய்கிறது, பிறகு நிதானப்படுகிறது. ஆகவே மறக்கப்போகிற நேரம் பார்த்து நினைவைக் கிளற வேண்டும்.

அதற்கு 1970களில் செபாஸ்டியன் லைட்னர் பரப்பிய பெட்டி முறை இருக்கிறது. நாலைந்து அறை உள்ள ஸ்வீட் பாக்ஸ் போதும். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, ஒரு பக்கம் சொல் விட்டுப்போன வாக்கியம், மறுபக்கம் அந்தச் சொல். பார்க்காமல் சொல்லிவிட்டால் சீட்டு அடுத்த அறைக்குப் போகும். தவறினால் மறுபடி முதல் அறை. முதல் அறையைத் தினமும், அடுத்தடுத்தவற்றை நாள் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டும். ஆன்கி போன்ற செயலிகள் செய்வதும் ஏறக்குறைய இதைத்தான்.

எந்தச் சொற்களைப் போடுவது? டாக்காவில் ஆங்கிலம் கற்பித்த மைக்கேல் வெஸ்ட் 1953இல் சுமார் 2,000 அடிப்படைச் சொற்களைத் தொகுத்து வெளியிட்டார். எல்லாம் 'கெட்', 'டேக்', 'புட்' மாதிரி சாதுவான சொற்கள். பயமுறுத்தும் சொல் நூறு தெரிந்த பிள்ளைகள் இன்டர்வியூவில் திணறுவது இந்தச் சாதுக்களிடம்தான். பெட்டியில் முதலில் இவற்றைப் போடுங்கள். வாட்ஸ்ஆப்பில் காலைதோறும் வரும் 'இன்றைய சொல்'லை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பி, ஒரு வாரம் கழித்து அர்த்தம் கேளுங்கள்.