அந்த முப்பது மதிப்பெண் யார் கையில்?

போன செவ்வாய்க்கிழமை நல்லம்பள்ளி சந்தை கலைகிற நேரம். ஆடு வாங்கியவர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டீக்கடை ஓரம் நின்றிருந்த என்னிடம் பக்கத்துக் காலனியைச் சேர்ந்த ஒரு தங்கை வந்தார். உளவியலில் எம்.எஸ்சி. முடித்தவர். நெட் தேர்வில் முனைவர் பட்டச் சேர்க்கைக்குத் தகுதி பெற்றிருக்கிறார். பத்து நாளைக்கு முன்னால் ஒரு பல்கலைக்கழகத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்திருக்கிறார். கேட்டது ஒரே கேள்வி: "கெடைக்குமாண்ணா?"

என்ன கேட்டார்கள் என்றேன்.

"அப்பா பேரு கேட்டாங்க. என்ன வேலைன்னாங்க. பெங்களூருல சென்ட்ரிங் வேலைன்னேன். எந்த ஊருன்னாங்க. நல்லம்பள்ளி பக்கம்னேன். பக்கம்னா எதுன்னு கேட்டாங்க. ஊர் பேரைச் சொன்னதும் ரெண்டு பேர் முகத்தை முகம் பாத்துக்கிட்டாங்க. அப்புறம் ஏன் சைக்காலஜி எடுத்தேன்னு கேட்டாங்க. நம்ம பக்கம் பத்தாவதோட நின்னு கல்யாணம் ஆகிற பொண்ணுங்களைப் பத்தி ஆய்வு பண்ணணும்னு சொல்ல ஆரம்பிச்சேன். பாதியில ஒருத்தர் போனைப் பாத்தாரு. போலாம்னுட்டாங்க. வெளிய வந்து மணி பாத்தா ஆறு நிமிஷம்தான் ஆகியிருக்கு. எனக்கு முன்னாடி போன பையன் இருபத்தஞ்சு நிமிஷம் இருந்தான்."

கிடைக்கும் என்றும் சொல்ல முடியவில்லை, கிடைக்காது என்றும் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் இந்தக் கேள்வியைக் கணக்காகப் போட்டுப் பார்க்க முடியும். நம் பிள்ளைகள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் இந்த வாரம் இதையே எழுதுகிறேன்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி முனைவர் பட்டச் சேர்க்கையில் எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்முகத் தேர்வுக்கு 30. 2024 ஜூன் முதல் எழுத்துத் தேர்வுக்குப் பதிலாக நெட் தேர்வின் பெர்சன்டைலை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்தத் தங்கையின் பெர்சன்டைல் 90 என்று வைத்துக்கொள்வோம். எழுபதுக்கு 63 வரும். இன்னொருவருக்கு 80 என்றால் 56. ஏழு மதிப்பெண் முன்னிலை. இப்போது நேர்முகத் தேர்வில் இவருக்கு முப்பதுக்கு 11 போட்டு, அவருக்கு 19 போட்டால் போதும். இவர் 74, அவர் 75. மாதக்கணக்கில் படித்து வாங்கிய முன்னிலை ஆறு நிமிடத்தில் போய்விடும். பட்டியலில் "தகுதி அடிப்படையில்" என்று அச்சாகும். உதவித்தொகையோடு ஜே.ஆர்.எஃப். வாங்கியவருக்கு நிலைமை இன்னும் விசித்திரம். அவருக்குச் சேர்க்கை முழுக்க நேர்முகத் தேர்வை வைத்துத்தான்.

இடஒதுக்கீடு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம், அதற்குள் அருந்ததியருக்கு 3. ஆனால் முனைவர் பட்டத்துக்கு இடம் என்பது நெறியாளரிடம் உள்ள காலியிடம். பேராசிரியர் எட்டுப் பேர் வரை, இணைப் பேராசிரியர் ஆறு பேர், உதவிப் பேராசிரியர் நான்கு பேர் வரை ஆய்வாளர்களை வைத்துக்கொள்ளலாம். பழையவர்கள் முடித்து வெளியேறினால்தான் புது இடம். உளவியல் போன்ற சின்னத் துறையில் ஒரு வருடம் மூன்று இடம் வந்தால் பெரிது. மூன்றில் 18 சதவீதம் எவ்வளவு? அரை ஆள். அந்த அரை ஆள் எந்த வருடம் முழு ஆள் ஆகிறார், இனச்சுழற்சியில் யார் முறை வருகிறது என்பதைத் துறைக்கு வெளியே யாரும் பார்ப்பதில்லை. முறை வந்த பிறகும் "தகுதியானவர் இல்லை" என்று எழுதி இடத்தைக் காலியாக விடுகிற வழக்கம் உயர்கல்வியில் உண்டு. அந்த வரியை எழுத உதவுவதும் இதே முப்பது மதிப்பெண்தான்.

இது என் மனக்குறை மட்டுமல்ல. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் அமைத்த பேராசிரியர் அப்துல் நஃபே குழு, 2012 முதல் 2015 வரையான சேர்க்கை மதிப்பெண்களை எடுத்துப் பார்த்தது. எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் நேர்முகத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் உள்ள இடைவெளி சமூகப் பிரிவைப் பொறுத்து ஒரே மாதிரியாக மாறுவதைக் கண்டது. இதில் பாகுபாடு தெரிகிறது, நேர்முகத் தேர்வை 30-லிருந்து 15 ஆகக் குறையுங்கள் என்று 2016-ல் பரிந்துரைத்தது. நடந்தது நேர் எதிர். அதே 2016-ல் வந்த மானியக் குழு விதி, எழுத்துத் தேர்வை வெறும் வாசல்படியாக்கி, முழு மதிப்பெண்ணையும் நேர்முகத் தேர்வுக்குக் கொடுத்தது. மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த நூறு சதவீதத்தைத் தள்ளுபடி செய்தது. அதற்குப் பிறகுதான் இந்த 70:30 வந்தது.

நமக்குப் பக்கத்து மாவட்டமான சேலத்திலிருந்து ஜே.என்.யு. போன முத்துகிருஷ்ணனை மறந்திருக்க மாட்டீர்கள். ரஜினி கிரிஷ் என்ற பெயரில் எழுதியவர். பலமுறை முயன்று அங்கே இடம் பிடித்தவர். 2017 மார்ச்சில் இறந்துபோனார். அவருடைய கடைசிப் பதிவுகளில் ஒன்று, ஆய்வுச் சேர்க்கையிலும் நேர்முகத் தேர்விலும் சமத்துவம் இல்லை என்பதைப் பற்றியது. சாவுக்கு ஆயிரம் பேர் ஆயிரம் காரணம் சொன்னார்கள். அவர் எழுதிவைத்த அந்த ஒன்றுக்கு இன்னும் முழுதாகப் பதில் வரவில்லை.

இதில் எனக்குத் தாங்க முடியாதது வேறொன்று. நேர்முகத் தேர்வு எவ்வளவு பலவீனமான அளவுகோல் என்று உலகத்துக்கு நிரூபித்துச் சொன்ன படிப்பே உளவியல்தான். நான் தமிழ் படித்தவன், எனக்கு இதெல்லாம் தாமதமாகத்தான் தெரிந்தது. 1974-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வேர்ட், ஸன்னா, கூப்பர் என்ற மூன்று உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். வெள்ளை மாணவர்களைக் கேள்வி கேட்பவர்களாக உட்காரவைத்தார்கள். எதிரே கறுப்பு இளைஞர் வந்தபோது அவர்கள் நாற்காலியைத் தள்ளிப் போட்டார்கள், சீக்கிரம் முடித்தார்கள், பேச்சில் தடுமாறினார்கள். சோதனை அதோடு நிற்கவில்லை. அடுத்து வெள்ளை இளைஞர்களையே இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவை அதே மாதிரி தள்ளி உட்கார்ந்து, சீக்கிரம் முடித்துக் கேள்வி கேட்கச் செய்தார்கள். அந்த வெள்ளை இளைஞர்களும் பதற்றப்பட்டார்கள், மோசமாகப் பதில் சொன்னார்கள். நேர்முகத் தேர்வில் திணறுவது எதிரே இருப்பவரின் திறமைக் குறைவு என்று நினைக்கிறோம். பல நேரம் அது மேசைக்கு அந்தப் பக்கம் தயாராகி வருகிறது. அந்தத் தங்கை பாதியில் நிறுத்தப்பட்ட ஆறு நிமிடத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்று. 1979-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி, நேர்முகத் தேர்வு நடத்தி சுமார் 800 பேரை வரிசைப்படுத்தி, மேல்வரிசையிலிருந்து 150 பேரைச் சேர்த்தது. அதற்குப் பிறகு இன்னும் 50 பேரைச் சேர்க்கும்படி மாகாணச் சட்டமன்றம் சொல்லிவிட்டது. அதற்குள் நல்ல வரிசை எண் உள்ளவர்கள் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். கடைசி வரிசையில், 700-க்குக் கீழே கிடந்தவர்களைக் கூப்பிட வேண்டியதாயிற்று. படிப்பு முடிகிறபோது பார்த்தால் முதல் பிரிவுக்கும் இந்தப் பிரிவுக்கும் சொல்லும்படி வித்தியாசம் எதுவும் இல்லை. பட்டம் வாங்கியதிலும் இல்லை, மருத்துவமனைப் பயிற்சியிலும் இல்லை. அந்த வரிசை எண் அவர்கள் எப்படிப்பட்ட மருத்துவர் ஆவார்கள் என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இதைப் பாடமாக நடத்தக்கூடிய துறைகளே தங்கள் மாணவரைத் தேர்ந்தெடுக்கும்போது அப்பா வேலையும் ஊர்ப் பெயரும் கேட்டால் என்ன சொல்வது?

ஊர்ப் பெயர் என்பது நமக்குச் சாதாரணக் கேள்வி இல்லை. 2012 நவம்பர் 7 அன்று நத்தம், கொண்டம்பட்டி, அண்ணாநகர் காலனிகள் எரிந்த மாவட்டம் இது. இங்கே ஊர்ப் பெயரைச் சொன்னால் சாதிச் சான்றிதழைக் காட்டியது மாதிரி. நான் எம்.ஏ. முடித்துவிட்டு அடுத்த படிப்புக்கு ஓர் இடத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போனபோது, சிலப்பதிகாரத்தைப் பற்றி ஒரு கேள்வி, ஊரைப் பற்றி மூன்று கேள்வி. அங்கே இடம் கிடைக்கவில்லை. நான் சரியாகப் பதில் சொல்லவில்லை என்றே பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சட்டம் இதில் ஊமையாக இல்லை. 1970-லேயே நம் மாநில மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை பற்றிய பெரியகருப்பன் வழக்கில், 275-ல் 75 மதிப்பெண்ணை நேர்முகத் தேர்வுக்கு ஒதுக்கியது மிகை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பத்து வருடம் கழித்து அஜய் ஹாசியா வழக்கு. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியில் 150-ல் 50 மதிப்பெண் நேர்முகத் தேர்வுக்கு. ஒவ்வொருவரிடமும் இரண்டு மூன்று நிமிடம் பேசினார்கள், கேட்டது பெரும்பாலும் பெற்றோரையும் இருப்பிடத்தையும் பற்றி என்பது புகார். 15 சதவீதத்துக்கு மேல் போவது தன்னிச்சையானது என்றது நீதிமன்றம். நேர்முகத் தேர்வை ஒலிநாடாவில் பதிவு செய்வது நல்லது என்றும் சொன்னது. அந்தக் காலத்தில் ஒலிநாடாவுக்குச் செலவு உண்டு. இன்று தேர்வுக் குழுவில் எல்லார் பையிலும் போன் இருக்கிறது. ஆனாலும் பதிவு செய்கிறவர்கள் எத்தனை பேர்?

நேர்முகத் தேர்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூன்று நான்கு வருடம் ஒருவரோடு ஒருவர் வேலை செய்யப் போகிறவர்கள் உட்கார்ந்து பேசத்தான் வேண்டும். அதிலும் உளவியலில், ஆளோடு பேசத் தெரிகிறதா என்று பார்ப்பது நியாயம். நம் பிள்ளை தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் தேடித் தேடிச் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, தண்ணீர் கொடுத்து, "தமிழிலேயே சொல்லும்மா" என்ற பேராசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பத்தியால் மனவருத்தம் வேண்டாம். ஆனால் நல்லவர் உட்கார்ந்தால் நல்லது நடக்கும் என்பது விதி ஆகாது. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார்களே, மாட்டுக்காரருக்கே சில நேரம் கடைசி விலை தெரியாது. நேர்முக மதிப்பெண் இன்று அப்படித்தான் இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே கேள்விகள், ஒவ்வொரு கேள்விக்கும் தனி மதிப்பெண், எழுத்து மதிப்பெண் குழுவின் கண்ணில் படாமல் இருப்பது, முடிவு வரும்போது இரண்டு மதிப்பெண்ணையும் தனித்தனியாக அறிவிப்பது, மொத்தத்தில் 15-க்கு மேல் போகாதது. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு இதைச் சொல்லத் தமிழக அரசு டெல்லியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். முதல் நான்கையாவது நாளைக்கே செய்யலாம்.

அரசு செய்கிற வரை காத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. நேர்முகத் தேர்வு முடிந்து வெளியே வந்ததும், பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே, கேட்ட கேள்விகளையும் உள்ளே போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். முடிவு வந்ததும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். உங்களுடைய எழுத்து மதிப்பெண், நேர்முக மதிப்பெண், உங்கள் பிரிவில் சேர்க்கப்பட்டவரின் கடைசி மொத்த மதிப்பெண், துறையின் இனச்சுழற்சிப் பட்டியல், காலியாக விடப்பட்ட இடங்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு. ஒருவர் கேட்டால் ஒரு காகிதம். ஐந்து வருடம் ஐம்பது பேர் கேட்டால் ஜே.என்.யு.வில் நஃபே குழு பார்த்த மாதிரி ஒரு கணக்கு நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கும் கிடைக்கும்.

அந்தத் தங்கையிடம் இதைச் சொன்னேன். "எடம் கெடைச்சிட்டா இது எதுக்குண்ணா? அங்கதான படிக்கணும், பகைச்சிக்க முடியுமா?" என்றார். நியாயமான பயம். கிடைத்தால் போட வேண்டாம், பத்திரமாக வைத்துக்கொள் என்றேன். டீக்கடைக்காரரிடம் பேனா வாங்கி, பழைய நெட் ஹால்டிக்கெட்டின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார். முதல் வரி: உள்ளே போனது 11.40. இரண்டாவது வரி: அப்பா பெயர் கேட்டார்கள்.

முடிவு இன்னும் வரவில்லை.