காக்கும் சொல்

இடர் சூழ்ந்த வேளையில் நாம் கந்தசஷ்டி கவசம் ஓதுவது போன்றே பௌத்த அன்பர்கள் 'பிரித்' ஓதுவிப்பர். 'பரித்த' என்னும் பாளிச் சொல்லுக்குக் காப்பு என்பதே பொருள். பஞ்சமும் நோயும் வைசாலி நகரை வாட்டியபோது இரத்தன சூத்திரம் ஓதப்பெற்றதென்பது மரபு. ஓதி முடிந்ததும் நீர் தெளித்து, மணிக்கட்டில் வெண்ணூல் கட்டுவர்.

காக்கும் அச்சொற்களுக்கே ஒருகால் ஆபத்து நேர்ந்தது. கி.மு. 1ஆம் நூற்றாண்டில் போரும் பஞ்சமும் இலங்கையை அலைக்கழித்தன. திருமொழிகளை நெஞ்சிற் சுமந்த பிக்குகள் பலர் மாண்டனர். எஞ்சியோர் நம் மாத்தளையை அடுத்த அலுவிகாரைக் குகைகளிற் கூடி, அவற்றை ஏட்டில் எழுதிக் காத்தனர் என்பர்.

பாட்டி ஓதும் கவசத்தை ஏடு பாராமல் ஓத நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்? இன்று மாலை விளக்கேற்றியதும் வீட்டில் கேட்டுப் பார்ப்போமாக.