எஸ்யூவியில் திடீர்னு பிக்கப் குறையுதா? டர்போவை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

சங்கரன்கோவிலில் இருந்து திருநெல்வேலிக்குப் போய்க்கிட்டு இருக்கீங்க. வண்டியில் 5 பேர், பின்னால் லக்கேஜ், ஏசியும் ஓடுது. முன்னால் போகும் லாரியை முந்த ஆக்சிலரேட்டரை மிதிக்கிறீங்க. ஒரு நொடி, இரண்டு நொடி... வண்டி இழுக்கவே மாட்டேங்குது. அப்புறம் திடீர்னு பாயுது. இந்த இடைவெளிக்குத்தான் 'டர்போ லேக்'னு பெயர்.

இரண்டு நொடிதானேன்னு விட்டுவிட முடியாது. 60 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடிக்குச் சுமார் 17 மீட்டர் ஓடும். எதிரே வரும் பஸ்ஸும் அதே வேகத்தில் வந்தால், 2 நொடிக்குள் இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் சுமார் 67 மீட்டர் குறைந்துவிடும்.

ஏன் எல்லா காரிலும் டர்போ?

இதற்கு முக்கியக் காரணம் வரி. 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டர் நீளத்துக்குள் இருக்கும் 1,200 சிசி வரையிலான பெட்ரோல் கார்களுக்கும், 1,500 சிசி வரையிலான டீசல் கார்களுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம். அந்த அளவைத் தாண்டினால் 40 சதவீதம். சின்ன இன்ஜினுக்கு வரிச்சலுகை என்ற கணக்கு 2006 மத்திய பட்ஜெட்டிலேயே தொடங்கியது.

அதனால் கம்பெனிகள் இன்ஜினைச் சின்னதாக வைத்து, சக்திக்கு டர்போவைச் சேர்க்கின்றன. ஹூண்டாய் வென்யூ டர்போ பெட்ரோல் இன்ஜின் வெறும் 998 சிசி. டாடா நெக்ஸான் டர்போ பெட்ரோல் 1.2 லிட்டர்.

லேக் எப்படி வருது?

இன்ஜினில் இருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் இந்த ஏற்பாட்டுக்கு, சுவிட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-லேயே காப்புரிமை பெற்றார்.

இன்ஜின் மெதுவாக ஓடும்போது புகை குறைவு, அதனால் டர்போவின் வேகமும் குறைவு. வென்யூ டர்போவின் முழு இழுவிசை 1,500 ஆர்பிஎம்மில்தான் கிடைக்கும். நெக்ஸானில் 1,750. அதற்குக் கீழே, 5-வது கியரில் மிதித்துவிட்டு 'பிக்கப் இல்லை'ன்னு சொன்னால், அது கோளாறு இல்லை. வண்டியின் இயல்பே அதுதான்.

முதல் கேள்வி இதுதான்

வாங்கின நாளில் இருந்தே இப்படியா, இல்லை கொஞ்ச நாளாகவா? முதல் நாளில் இருந்தே என்றால், ஓட்டும் முறையை மாற்றினால் போதும். சமீபத்தில் ஆரம்பித்தது என்றால் எங்கோ கோளாறு. அப்படியே இருந்தாலும் குற்றவாளி டர்போதான்னு உடனே முடிவு பண்ண வேண்டாம். இந்த அடையாளங்களைக் கவனியுங்க:

• மிதிக்கும்போது 'புஸ்'னு காற்று கசியும் சத்தம்: டர்போவுக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள ஹோஸ் கிழிந்திருக்கலாம், அல்லது கிளாம்ப் தளர்ந்திருக்கலாம்.

• டீசல் வண்டியில் கரும்புகை: காற்று போதவில்லை. ஏர் ஃபில்டர், ஹோஸ், காற்றை அளக்கும் சென்சார் ஆகியவற்றைப் பார்க்கணும்.

• நீலப்புகை, ஆயில் அளவு குறைவது: டர்போ சீல் தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு. இன்ஜின் தேய்மானமாகவும் இருக்கலாம்.

• ஆர்பிஎம் ஏறுது, வேகம் ஏறலை: மேனுவல் வண்டி என்றால் கிளட்ச் மேல் சந்தேகப்படுங்க.

• ஆட்டோமேட்டிக் வண்டியில் மட்டும் தாமதம்: கியர் குறைய எடுக்கும் நேரமாக இருக்கலாம்.

பிஎஸ்-6 டீசல் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். வீடு, ஸ்கூல், பூ மார்க்கெட் என்று ஊருக்குள்ளேயே ஓடும் வண்டியில், புகைக் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் அடைத்துக்கொள்ளும். பிக்கப்பும் குறையும். அதற்கான விளக்கு எரிந்தால், மேனுவலில் சொன்னபடி ராஜபாளையம் ரோட்டிலோ திருநெல்வேலி ரோட்டிலோ 15 முதல் 20 நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டினால் பெரும்பாலும் கரி எரிந்துவிடும். விளக்கு அணையலைன்னா சர்வீஸ் சென்டர்தான்.

ஒர்க்‌ஷாப்பில் எந்த வரிசையில் கேட்கணும்?

செலவு குறைந்ததில் இருந்து தொடங்கச் சொல்லுங்க. முதலில் ஏர் ஃபில்டர், ஹோஸ், கிளாம்ப். கண்ணுக்குத் தெரியாத கசிவைக் கண்டுபிடிக்க ஸ்மோக் டெஸ்ட் இருக்கு. அடுத்து ஸ்கேனர். 'பி0299' என்ற கோடு வந்தால் காற்றழுத்தம் குறைவு என்று அர்த்தம். டர்போ செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்லை. இன்ஜின் கேட்கும் அழுத்தம் எவ்வளவு, கிடைக்கும் அழுத்தம் எவ்வளவு என்று வண்டி ஓடும்போதே ஸ்கேனரில் பார்க்கலாம். அந்த இரண்டு எண்களையும் காட்டச் சொல்லிக் கேளுங்க.

பிறகு அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட், ஆக்சுவேட்டர். டீசலில் கரி படிந்து இறுகும் வேன்கள். இவையெல்லாம் சரியாக இருந்து, டர்போ தண்டில் அளவுக்கு மீறிய ஆட்டம் இருந்தால்தான் கடைசியாக டர்போ. சில நூறு ரூபாய் கிளாம்ப்பில் முடிய வேண்டியதற்கு, பல பத்தாயிரம் கொடுத்து டர்போ மாற்றினாலும், ஹோஸில் கசிவு இருந்தால் லேக் அப்படியேதான் இருக்கும்.

'ரீமேப் பண்ணா லேக் போயிடும்'னு சொல்றாங்களா? கோளாறை அது சரிசெய்யாது. கிளட்ச், கியர்பாக்ஸ் மேல் சுமை ஏறும், வாரண்டிக்கும் சிக்கல் வரும்.

ஓட்டும்போது என்ன செய்யலாம்?

முந்துவதற்கு முன்பே ஒரு கியர் குறைத்து, இன்ஜினை 2,000 ஆர்பிஎம்-க்கு மேல் கொண்டு வாங்க. இழுவை வந்த பிறகு வலப்பக்கம் எடுங்க. எடுத்த பிறகு இழுவைக்காகக் காத்திருப்பதுதான் ஆபத்து. ஆயிலை உரிய கிரேடில், உரிய நேரத்தில் மாற்றுங்க. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு ஆஃப் பண்ணுங்க.

புதுசா ஆரம்பித்த லேக்கோடு நெடுந்தூரப் பயணம் வேண்டாம். ஹோஸும் ஃபில்டரும் பார்க்க அரை நாள் போதும்.