துண்டுத் துணி கேட்பவரைத் துரத்தாதீர்கள்

"ஒரு யாருக்குக் குறைய வெட்ட மாட்டோம்." எங்கள் புடவைக் கடையில் இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக நானும் இதைத்தான் சொல்லி வந்தேன். நம் வியாபாரச் சகோதரர்களில் பலரும் இன்றும் இதையே சொல்கிறார்கள். இந்தப் பேச்சால் நமக்கு எவ்வளவு நஷ்டம் என்பதை எனக்கு விளங்க வைத்தது, அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் தங்கையின் மகள்தான்.

கடைக்கு வந்தவள், குழந்தைப் போர்வைக்கும் பொம்மைக்கும் எடுக்கும் மொசுமொசுத் துணி ரோல்களைத் தடவிப் பார்த்தாள். அங்கே இதற்கு 'மிங்கி' என்று பெயராம். "மாமா, ஒவ்வொரு கலர்லயும் பத்து அங்குலம் வெட்டித் தருவீங்களா?" என்று கேட்டாள். சேல்ஸ்மேன் பையன் சிரித்துவிட்டான். "மிச்சத்த யாருக்கு மகள் விக்கிற?" என்று நானும் கேட்டேன்.

அப்போதுதான் அவள் தங்கள் வழக்கத்தைச் சொன்னாள். தையலைப் பொழுதுபோக்காகச் செய்யும் பெண்கள் இருபது பேர் சேர்கிறார்கள். ஒவ்வொருவரும் தான் வாங்கிய ஒரே துணியில் இருபது சதுரங்கள் வெட்டி, திரும்பி வருவதற்கான தபால் செலவையும் சேர்த்து, பொறுப்பேற்ற ஒருவருக்கு அனுப்புகிறார்கள். அவர் எல்லாவற்றையும் பிரித்துக் கலந்து திருப்பி அனுப்புவார். ஒரே நிறத்தில் இருபது அனுப்பியவருக்கு இருபது நிறங்களில் துண்டுகள் வந்து சேரும். கைமாறுவது துணி மட்டுமே. பணம் தபாலுக்குத்தான். ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை. அமானிதம் என்று நாம் சொல்வதை நம்பித்தான் எல்லாம் நடக்கிறது.

இது நேற்று முளைத்த பழக்கமும் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அமெரிக்கப் பெண்கள் ஒரு துண்டு போல் இன்னொன்று இல்லாத ஒட்டுப் போர்வைகளைத் தைத்தார்கள். அதற்காக அயலவரோடும் உறவினரோடும் துண்டுகளை மாற்றிக்கொண்டார்கள்.

இதைக் கேட்டதும் எனக்குள் இருந்த வியாபாரி, "இவர்கள் தங்களுக்குள்ளேயே மாற்றிக்கொண்டால் நம்மிடம் வாங்குவது யார்?" என்று கேட்டான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். துணியின் அகலம் 58 அங்குலம். பத்து அங்குலச் சதுரம் என்றால் ஒரு யாரில் 15தான் வரும். இருபது வேண்டுமென்றால் ஒன்றேகால் யார் வாங்க வேண்டும். இருபது பேருக்கு 25 யார். மாற்றிக்கொள்வதற்கு முன் ஒவ்வொருவரும் ஒரு கடையில் வாங்கியே ஆக வேண்டும். அதோடு முடிவதுமில்லை. தபாலில் வந்த துண்டில் ஒரு நிறம் பிடித்துப்போனால் அந்தப் பெண் போர்வைக்கு இரண்டு யார் தேடி வருவாள். நாம் செய்ய மறுத்த சாம்பிள் விநியோகத்தை அவர்கள் தங்கள் தபால் செலவில் செய்கிறார்கள்!

அங்குள்ள கடைக்காரர்கள் இதை எப்போதோ விளங்கிக்கொண்டார்கள். 44 அங்குல அகலப் பருத்தித் துணியில் கால் யார் வெட்டினால் 9 அங்குல அகலத்தில் ஒரு நீண்ட பட்டிதான் கிடைக்கும். ஒட்டுத் தையலுக்கு அது வசதியில்லை. எனவே அரை யார் வெட்டி, அதைக் குறுக்கே இரண்டாக்கி, 18க்கு 22 அங்குலத் துண்டாக விற்கிறார்கள். அதே கால் யார், அதே துணி. வெட்டும் விதம் மட்டும் மாறியது. இன்று 'ஃபேட் குவார்ட்டர்' என்று கேட்டால் அங்கே தையல்காரர் எவருக்கும் தெரியும். ஐந்து அங்குல, பத்து அங்குலச் சதுரங்களைக் கட்டுக்கட்டாகவும் விற்கிறார்கள்.

இங்கே நான் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊர்த் தாத்தா ஒருவர் கால் யார் மொசுமொசுத் துணி கேட்டு வந்தார். குழந்தைகளுக்குப் பொம்மை தைத்து விற்பவர். வழக்கம்போல் மறுத்தேன். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். இன்று அவரிடம் மூன்று பெண்கள் வேலை செய்கிறார்கள். துணி ரோல் கணக்கில் எடுக்கிறார், வேறொரு கடையில். நான் வெட்ட மறுத்தது கால் யார் துணி. இழந்தது அத்தனை ரோல்கள். அதே காலத்தில் எங்கள் கடையின் ரோல் கடைசித் துண்டுகள் சாக்கில் கட்டப்பட்டு, நிறுவை விலைக்குப் போய்க்கொண்டிருந்தன.

மருமகள் போன பிறகு அந்தச் சாக்கை அவிழ்த்தேன். பத்து அங்குலத்தை விட ஒன்பது அங்குலம் நமக்கு இலாபம். ஒரு யாரில் 15க்குப் பதிலாக 24 சதுரம் வருகிறது, கழிவும் குறைவு. பன்னிரண்டு நிறங்களை ஒரு கட்டாகக் கட்டிக் காசு மேசைக்கருகில் வைத்தேன். பெரும் பணம் வந்துவிடவில்லை. ஆனால் கட்டு வாங்கிப் போனவர்களில் சிலர் யார் கணக்கில் எடுக்கத் திரும்பி வருகிறார்கள்.

செய்ய நினைப்பவர்களுக்கு நான் பட்டறிந்த சில விடயங்கள். இந்தத் துணியின் முடி ஒரு பக்கமாகச் சாயும். எல்லாத் துண்டிலும் அது ஒரே திசையில் இருக்க வேண்டும். இல்லையேல் தைத்த பின் ஒரே நிறம் இரண்டு நிறமாகத் தெரியும். பின்புறம் அம்புக்குறி போட்டு, பின்புறமிருந்தே வெட்டுங்கள். வெட்டிய ஓரத்தில் பஞ்சு கொட்டும், உதறிவிட்டே பையில் போடுங்கள். துணி குறுக்கே இழுபடும், ஆகவே இழுக்காமல் விரித்து அளக்க வேண்டும். சூடான அயன் படக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒன்பது அங்குலம் என்றால் ஒன்பது அங்குலமாகவே இருக்கட்டும். முகம் தெரியாதவருக்குத் தபாலில் அனுப்பும் பெண்கள் அளவில் குறைப்பதில்லை. முகம் பார்த்து விற்கும் நாம் குறைக்கலாமா?

சிறிதாக வெட்டுவதில் நேரம் போகும், உண்மைதான். அதனால்தான் வியாபாரம் மந்தமான பகல் வேளையில் முன்கூட்டியே வெட்டி வைக்கச் சொல்கிறேன். அந்த நேரத்துக்கான கூலியையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள், வாங்குபவர் மறுக்கமாட்டார். அவருக்குத் தேவை மலிவு அல்ல, தேவையான அளவு.

அடுத்த முறை ஒருவர் உங்கள் கடையில் பத்து அங்குலம் கேட்டால் சிரிக்காதீர்கள். கத்தரிக்கோலை எடுங்கள்.