வளைவு வருமுன்: கல்வராயன்மலையிலிருந்து ஒரு கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசுக்கும் கள்ளக்குறிச்சி மாவட்ட நிர்வாகத்துக்கும்,

தசைச்சிதைவு, பார்க்கின்சன் போன்ற, ஆண்டுக்காண்டு முற்றும் நோய்களோடு கல்வராயன்மலையில் வாழ்கிறவர்களும், அவர்களைத் தூக்கிச் சுமக்கும் குடும்பத்தாரும் முன்வைப்பது:

டுஷேன் வகைத் தசைச்சிதைவு வந்த சிறுவன் முதலில் ஓடும்போது விழுகிறான். பிறகு தொடையில் கையூன்றி எழுகிறான். பெரும்பாலும் 12 வயதையொட்டி நடை நின்றுவிடுகிறது. அப்புறம் கை தளர்கிறது, முதுகு வளைகிறது, மூச்சுத் தசையும் சோர்கிறது. காலிப்பர், சக்கர நாற்காலி, பேட்டரி நாற்காலி, மூச்சுக்கருவி என்று தேவை மாறிக்கொண்டே போகிறது. ஆனால் ஒரு முகாம், ஒரு கருவி என்பதோடு உதவி நின்றுபோகிறது. வீட்டு முற்றத்தைத் தாண்டாத நாற்காலியில் கடைசியில் துணிதான் காய்கிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தசைச்சிதைவையும் பார்க்கின்சனையும் 21 மாற்றுத்திறன் வகைகளுக்குள் சேர்த்திருக்கிறது. அதன் 24-வது பிரிவு இலவச உபகரணங்களையும் பராமரிப்பாளர் உதவித்தொகையையும் சொல்கிறது. பக்கத்துச் சேலத்தில் வானவன்மாதேவி, இயலிசைவல்லபி சகோதரிகள் தசைச்சிதைவோடு வாழ்ந்தபடியே ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கி, தங்களைப் போன்றவர்களுக்குத் துணைநின்றார்கள். அந்தத் துணையை அரசின் அன்றாடக் கடமையாக்கக் கேட்கிறோம்.

கோரிக்கைகள்

1. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுமதிப்பீடு வேண்டும். இருக்கும் கருவி உதவாமல் போகுமுன் அடுத்தது வந்துசேர வேண்டும்.

2. உடலை அளப்பவர்கள் வீட்டு வாசற்படியையும் கழிப்பறையையும் மண்பாதையையும் பார்த்த பிறகே கருவியைத் தேர்வு செய்ய வேண்டும்.

3. கருவியை ஒப்படைத்த பின் பழக்கிவிட ஆள் வர வேண்டும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் முறையையும் படுக்கைப்புண் வராமல் காப்பதையும் வீட்டார் கற்க வேண்டும். நடந்தவர் முதன்முதலாக நாற்காலியில் உட்காரும் நாள் துக்கமான நாள். அன்று பேச ஒரு மனநல ஆலோசகர் வேண்டும்.

4. மலைமேல் உள்ள வெள்ளிமலையிலேயே கருவிகளுக்குப் பழுதுபார்ப்பு மையம் வேண்டும். பழுது தீரும்வரை மாற்று நாற்காலி தர வேண்டும்.

5. மூச்சுக்கருவி உள்ள வீட்டுக்கு இன்வெர்ட்டரோ சூரிய மின்வசதியோ தர வேண்டும்.

6. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக நோயாளியை மலையிறக்கக் கூடாது. மருத்துவக் குழு மலையேறி வரட்டும். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் இயன்முறை சிகிச்சை கடைசிக் குக்கிராமம்வரை எட்ட வேண்டும்.

7. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் ரேஷன் கடைகளிலும் சாய்தளம் வேண்டும். பள்ளிகளில் நாற்காலி நுழையும் கழிப்பறையும் வேண்டும்.

8. பகலெல்லாம் துணையிருப்பதால் கூலிக்குப் போக முடியாத பராமரிப்பாளருக்கு மாத உதவித்தொகை வேண்டும்.

9. இவற்றைக் கண்காணிக்கும் குழுவில் நோயோடு வாழ்பவர்கள் இடம்பெற வேண்டும்.

கச்சிராயப்பாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் பேருந்தில், வளைவு வருமுன்பே ஓட்டுநர் கியரை மாற்றிவிடுகிறார். வளைவில் வண்டி திணறிய பிறகு மாற்றினால் பின்னால் உருளும் என்பது அவருக்குத் தெரியும். எங்கள் நோயின் அடுத்த வளைவு எதுவென்று மருத்துவர்களுக்குத் தெரியும்; எங்களுக்கும் தெரியும். அதற்கு முன்பே கருவி வர வேண்டும்.