ஆளுக்கொரு பெயர் வேண்டும்

எங்கள் கணிப்பொறிக் கூடத்தில் பத்து இயந்திரங்கள் உண்டு. உள்ளே நுழையும் பெயரோ ஒன்றே, கடவுச்சொல்லும் ஒன்றே. அது கரும்பலகையின் மூலையில் எழுதியே இருக்கும்! சென்ற ஆண்டு கண்காட்சிக்கு முந்தின நாள், தோல் பதனிடுதல் பற்றி மூன்று வாரமாக நாங்கள் தட்டெழுதிய கட்டுரை மறைந்துவிட்டது. எல்லோரும் ஒரே பெயரில் நுழைந்திருக்க, யாரைக் கேட்பது? பழி, கடைசியாக வெளியே வந்த எட்டாம் வகுப்புச் சிறுமிமேல் விழுந்தது. அவள் செய்யவில்லை என்றே நாங்கள் நம்புகிறோம். ஆனால் அதை மெய்ப்பிக்க அவளுக்கு வழியில்லை.

ஆம்பூரில் காலணித் தொழிற்சாலைக்குச் செல்லும் எங்கள் அன்னையர், தம் வருகையைப் பிறர் பெயரில் பதிய ஒப்புவார்களா? கணிப்பொறியில் மட்டும் ஏன் இந்தக் குழப்பம்?

2011இல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளால் அக்காமார் பலர் லினக்ஸ் என்ற பெயரை அறிந்தனர். அந்த லினக்ஸில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும், வகுப்புக்கு ஒரு குழுவும் அமைக்கலாம். அறுநூறு பேருக்கு யார் அமைப்பது என்று சிலர் கேட்பர். சுட்டியால் ஒவ்வொன்றாகச் சொடுக்கினால் மாதக்கணக்காகும் என்பது மெய்தான். கட்டளை வரியிலோ, பெயர்ப் பட்டியலை ஒரு கோப்பாக எழுதி 'நியூயூசர்ஸ்' என்னும் கட்டளைக்குக் கொடுத்தால் போதும்.

கவனமும் வேண்டும். ஒருத்தியைப் புதிய குழுவில் சேர்க்கும் 'யூசர்மாட்' கட்டளையில் பெரிய 'ஜி'யுடன் சிறிய 'ஏ'யும் இடவேண்டும். 'ஏ'யை மறந்தால், கூடுதலாகச் சேர்ந்திருந்த பழைய குழுக்களிலிருந்து அவள் நீங்கிவிடுவாள். பள்ளி முடித்துச் செல்பவளின் கணக்கை உடனே அழிப்பதும் தவறு. லினக்ஸ் கோப்பின் உரிமையைப் பெயரால் அன்று, எண்ணால் குறித்து வைக்கிறது. அந்த எண் வேறொருத்திக்குப் போனால், எஞ்சிய கோப்புகளும் அவளுடையவை ஆகிவிடும். ஆகவே பூட்டி வைப்பதே மேல்.

கடவுச்சொல்லை அவரவரே மாற்றிக்கொள்ளட்டும். 1979இல் ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்தபோது, 15 பேர் ஒற்றை எழுத்தையே வைத்திருந்தனராம்! (எங்கள் வகுப்பிலும் அப்படிச் சிலர் தேறுவர்.)

தலைமைக் கணக்கான 'ரூட்' ஆசிரியையின் கையிலேயே இருக்கட்டும். கணக்குத் திறக்கும் கட்டளைகளை மட்டும் 'சூடோ' வழியாகப் பதினோராம் வகுப்பில் இருவருக்கு அனுமதித்தால், இந்த ஜூனிலேயே பணியைத் தொடங்கிவிடலாம். பெயர்ப் பட்டியலை நாங்களே தட்டெழுதித் தருகிறோம். எட்டாம் வகுப்பிலிருந்து ஆரம்பிக்கிறோம்.